சித்தப்பா கை நனைத்துவிட்டார்

எங்கள் குடும்பத்தில் மோசமான குணம் எனக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை மதிப்பெண் போட்டு நிரூபித்தவள் என் தங்கை வித்யாஸ்ரீ.

அவள் சேலத்தில் எம்.எஸ்சி. உளவியல் படித்தாள். கடைசி வருடத்தில் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். ஆளுமைப் பண்புகளுக்கும் உணர்வு நுண்ணறிவுக்கும் உள்ள தொடர்பு என்று தலைப்பு வைத்தாள். என் மூளைக்கு எட்டுகிற மாதிரி கேட்டபோது, ஒருத்தருடைய குணத்துக்கும் அவர் அடுத்தவர் மனசைப் புரிந்து நடந்துகொள்வதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது என்றாள். இதைப் பார்க்கச் சேலத்தில் மனிதர்களே கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் மகன் காதுகுத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களைப் பந்தியிலிருந்து எழுந்த கையோடு பிடித்து உட்காரவைத்துக் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் வெற்றிலையை மென்றுகொண்டே டிக் அடித்தார்கள்.

'மற்றவர் முகம் வாடினால் எனக்கு உடனே தெரிந்துவிடும்' என்று ஒரு வரி. பக்கத்தில் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று கட்டங்கள். நான் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில், 'தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?' என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண் கிடையாதாம்.

முடிவு வந்தபோது, இணக்கக் குணத்தில் முதல் ஆள் எங்கள் ஜீவானந்தம் சித்தப்பா. உணர்வு நுண்ணறிவிலும் அவர்தான் முதல். இரண்டிலும் கடைசி ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இணக்கமானவர்களுக்கே அடுத்தவர் மனசு நன்றாகப் புரிகிறது என்று வித்யா ஆய்வில் எழுதினாள், அவளுடைய பேராசிரியையும் பாராட்டினார். என் கணவர் செல்வம் சிரிக்கவில்லை. சிரித்தால் சாயங்காலம் என்ன நடக்கும் என்று தெரியும் அளவுக்கு அவருக்கும் நுண்ணறிவு இருந்தது.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி வாங்கப் போனால் அழுகியதையும் சேர்த்து வாங்கி வருவார். "பாவம், அந்தப் பொம்பள அதை யாருகிட்ட விப்பா?" என்பார். யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் அந்த வீட்டாருக்கு முன்னால் அவர் அழுதுவிடுவார். இந்த மலையில் அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது.

நான் செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கலர் உங்களுக்கு எடுபடாது, போன வருடத்தைவிடப் பெருத்துவிட்டீர்கள், இந்தத் துணி இரண்டு துவைப்புக்கு மேல் தாங்காது என்றெல்லாம் சொல்லித்தான் தைத்துக் கொடுப்பேன். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள். அடுத்த தீபாவளிக்கும் வருவார்கள். அது போதும் எனக்கு.

தை மாதத்தில் வித்யாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரமேஷ்குமார், இதே மலையில் அரியூர் நாட்டுப் பக்கம். மிளகும் காபியும் போட்டிருக்கிறான், சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். போன வருடம்தான் அவன் அப்பா மிளகு பறிக்க மரமேறி, மூங்கில் ஏணி சறுக்கி விழுந்து இறந்துபோனார். வருடம் திரும்பியதும் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். குடிப்பழக்கம் இல்லை, பேச்சில் பணிவு இருந்தது. நானே முயற்சி செய்து பார்த்தும் குறை ஒன்றும் அகப்படவில்லை.

வித்யாவும் அதையேதான் சொன்னாள். "பையன் நல்ல பையன்தான் அக்கா. எனக்குத்தான் இப்ப வேண்டாம்." கோயம்புத்தூரில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அந்த வேலைக்காகத்தான் அத்தனை வருடம் மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கிப் படித்தாள். அவளுக்கு மலைப் பஸ் ஒத்துக்கொள்ளாது, கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் அப்பா சாமியப்பன் அதிகம் பேசாதவர். "அவ படிச்ச படிப்புக்கு அவ போகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அப்பாவின் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

ஆக, முடியாது என்று சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பெண் வீட்டுப் பங்காளி ஒருவர் நேரில் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும். சம்மதம் என்றால் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கை நனைத்துவிட்டு வருவார், அதாவது ஒரு வாய் சோறு சாப்பிடுவார். சோறு இறங்கிவிட்டால் கல்யாணம் நிச்சயம், அதற்கப்புறம் பேச்சு கிடையாது. இல்லை என்றால் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, கொடுக்கிற தண்ணீரைக்கூட வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.

"போன்ல சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு சாமி" என்றார் அப்பா. போனில் மறுத்தால் மலை முழுக்கப் பேச்சாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். கேட்டு வைத்தேன்.

யாரை அனுப்புவது என்றபோது வித்யாதான் சித்தப்பா பெயரைச் சொன்னாள்.

"அவருக்கு இல்லைங்கற வார்த்தையே வராதேடி" என்றேன்.

"இல்லைன்னு சொல்றது பெருசில்ல அக்கா, அதை எப்படிச் சொல்றோம்கிறதுதான் பெருசு. எதிராளி மனசு நோகாம சொல்ல அவராலதான் முடியும். ஸ்கோர் பாத்தீல்ல?"

பார்த்தேன். என்னுடையதையும் சேர்த்துத்தான் பார்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினார். பொழுது சாயத்தான் வந்தார். வந்ததும் யாரிடமும் பேசாமல் குடத்தடிக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். அம்மா பயந்துபோய் நான்காவது சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சொல்லிட்டியாடா?" என்று அப்பா கேட்டார்.

சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "அந்தம்மா பாவம்ணா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மீதியை அப்பாவின் போன் சொன்னது. மாப்பிள்ளையின் பெரியப்பா செல்லமுத்து பேசினார். அவர் போனில் பேசினால் போன் தேவையில்லை, அடுத்த மலைக்கே கேட்கும்.

"ஏனுங்க சம்மந்தி! உங்க தம்பி கை நனைச்சுட்டாருங்க! ரெண்டு தடவை வாங்கிச் சாப்புட்டாரு! இனி என்னங்க யோசனை, மாசிலயே வச்சுக்கலாம். சேந்தமங்கலத்துல மண்டபம் காலி இருக்குதான்னு பாக்க ஆளு போயாச்சுங்க!"

அப்பா போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து, "சரிங்க, பாக்கலாமுங்க" என்று மட்டும் வந்தது. எங்கள் குடும்பத்தில் இணக்கம் யாரிடமிருந்து ஆரம்பிக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது.

வித்யா சித்தப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. படித்த படிப்பை விடாமல், "அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தோணுச்சுங்க சித்தப்பா?" என்று கேட்டாள்.

"பசிகூட இல்ல கண்ணு. அந்தம்மா சாமைச் சோத்தைக் குண்டாவோட கொண்டாந்து வச்சுது. வச்சுப்போட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுது. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிக் கண்ணு வேண்டாங்கறது?"

"என்ற மூஞ்சி ஞாபகம் வரலீங்களா?"

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். உடனே அவர் கண் நிறைந்துவிட்டது. தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். அம்மா ஓடிவந்து தட்டிக்கொடுத்தாள், அப்பா "விடுறா, விடுறா" என்றார், வித்யாவே துண்டை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தில் மாட்டிக்கொண்டது அவள், ஆறுதல் அவருக்கு. எனக்கு வந்த கோபத்தில் அங்கே நின்றால் எதையாவது உடைத்துவிடுவேன் என்று வெளியே போய்விட்டேன்.

வெளியே நின்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. சித்தப்பாவின் அழுகை பொய்யில்லை, அவர் சாப்பிட்டதும் பொய்யில்லை. எதிரில் இருக்கிற முகம் அவருக்கு அப்படியே புரிகிறது. முகம் மாறினால் மனசும் மாறிக்கொள்கிறது. மாப்பிள்ளையின் அம்மா நஞ்சம்மாள் முன்னால் உட்காரவைத்தால் நஞ்சம்மாளுக்காகச் சாப்பிடுவார், வித்யா முன்னால் உட்காரவைத்தால் வித்யாவுக்காக அழுவார். எதிரில் இல்லாத ஆள் அவருக்கு உலகத்திலேயே இல்லை. இதற்கு வித்யாவின் கேள்வித்தாளில் கட்டம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

உள்ளே வந்தபோது வித்யா அறையில் இருந்தாள். கோயம்புத்தூருக்கு எடுத்துவைத்த துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"தப்பு என்மேலதான் அக்கா. நான்தான அவரை அனுப்பச் சொன்னேன்" என்றாள்.

இந்த இடத்தில் சித்தப்பாவாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். எனக்கு அது வரவில்லை. அலமாரியில் இருந்ததை எல்லாம் இழுத்துக் கட்டிலில் போட்டேன். "சுடிதாரை இப்படியா மடிப்பாங்க? மாஸ்டர் டிகிரி வாங்கியிருக்கற, துணி மடிக்கத் தெரியல" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக மடித்துப் பையில் திரும்ப வைத்தேன். ஜிப்பையும் இழுத்து மூடினேன்.

"நாளைக்கு நான் போறேன்" என்றேன்.

வீட்டில் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. அம்மா, "நீ போனா வெட்டுக்குத்து ஆயிரும்" என்றாள். கை நனைத்துவிட்டு மாற்றிப் பேசினால் அந்தப் பையனுக்கு வேறு பெண் கிடைப்பதே கஷ்டம், நம் பெண் பெயரும் கெடும் என்று அப்பா சொன்னார். சொன்னது நியாயம்தான். ஆனால் வேறு யார் போவார்கள் என்று கேட்டேன். எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்.

மறுநாள் செல்வம் பைக்கில் கூட்டிப்போனார். அந்த ஊர் முக்கிலேயே ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டார். "நீ பேசுற இடத்துல நான் எதுக்கு புள்ள? வண்டியத் திருப்பி வச்சுருக்கறேன்" என்றார். ஓடத் தயாராக இருக்கச் சொல்கிறாராம்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. ஓரத்தில் நஞ்சம்மாள் உட்கார்ந்து சரத்திலிருந்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், சிரிக்காத முகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்திருந்தது. என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அத்தை என்றால் சம்பந்தம் ஆகிவிடும், அம்மா என்றால் ஐஸ் வைக்கிற மாதிரி இருக்கும். வெறும் 'ஏனுங்க' என்று முடிவு செய்திருந்தேன்.

"ஏனுங்க, நான் வித்யாவோட அக்கா."

"தெரியுது. வா கண்ணு. தண்ணி கொண்டாரட்டா?"

"வேண்டாங்க."

அவர் கை நின்றது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, மறுபடி மிளகை உதிர்க்க ஆரம்பித்தார்.

"பொண்ணு குடுக்கறதா இல்லீங்க" என்றேன். வழியில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாம் மறந்து இது மட்டும்தான் வந்தது. "உங்க பையன்மேல ஒரு குறையும் இல்லீங்க. அவளுக்குக் கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருக்குது, போகோணும்ங்கறா. நேத்து எங்க சித்தப்பா இதைச் சொல்லத்தான் வந்தாரு. சொல்லாம சாப்புட்டுட்டு வந்துட்டாரு."

"தெரியும்" என்றார் நஞ்சம்மாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க தெரியும்?"

"அவரு இல்லைன்னு சொல்ல வந்தாருன்னு தெரியும். சரிங்கறதுக்கு வாற ஆளு வாசலுக்கு வந்ததும் செருப்பக் கழட்டும். அவரு செருப்போடவே நின்னாரு. நீயும் செருப்போடதான் நிக்கற."

நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்புறம் அவரு என்ற மூஞ்சியப் பாத்தாரு. செருப்பக் கழட்டிட்டாரு."

"தெரிஞ்சேவா சோறு போட்டீங்க?"

"ஆமா."

இப்படிப் பளிச்சென்று ஒப்புக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமெல்லாம் மழுப்புகிறவர்களோடுதான்.

"அந்த மனுசன் மொகத்துக்கு நேரா வேண்டாங்க மாட்டாருன்னு கண்டுக்கிட்டேன்" என்றார் அவர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "உள்ள கூட்டிட்டுப் போயிச் சோத்த வச்சேன். தப்புதான். ரமேசு அப்பா செத்து வருசமாச்சு. எழவுக்கு வந்தவங்க நின்னு அழுதுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் வாறவங்க எல்லாம் வாசல்லயே, எப்படி இருக்கறீங்கன்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு ஆளு உள்ள வந்து உக்காந்து சாப்புடல. நல்ல பதில் வருமின்னு நேத்து விடிய எந்திரிச்சுச் சமைச்சு வச்சிருந்தேன். அவரு செருப்போட நிக்கறதப் பாத்ததும் எனக்கு அந்தச் சோத்த என்ன பண்றதுன்னு தெரியல."

இந்த அம்மாவுக்குச் சித்தப்பாவின் மனசும் தெரிந்திருக்கிறது, அதை எங்கே அழுத்தினால் என்ன நடக்கும் என்றும் தெரிந்திருக்கிறது. இவரிடம் வித்யா கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் சித்தப்பா இரண்டாவது இடத்துக்குப் போயிருப்பார். இணக்கத்தில் எனக்குக் கடைசி இடத்துக்குத் துணை கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. முகம் வாடினால் தெரியுமா என்ற கேள்விக்கு ஓரத்தில் எழுதினேனே, அது ஞாபகம் வந்தது. தெரிந்தது. என்ன பண்ணுவது என்றுதான் தெரியவில்லை.

"புள்ள வேலைக்குப் போகட்டும்" என்றார் நஞ்சம்மாள். "அழுதுட்டு வாற மருமக எனக்கு எதுக்கு? ஆனா ரமேசு பெரியப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அவரு வாய எப்படி மூடறதுன்னுதான் தெரியல."

அந்த வாய் அந்த நேரத்திலேயே வந்து சேர்ந்தது. செல்லமுத்து மேல்தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர், மிளகு பறிக்கிற ஆட்கள். "வா சாமி வா! தேதி பேச வந்தியா?" என்றார்.

"இல்லீங்க. பொண்ணு குடுக்கறதுக்கில்லைன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. "அதெப்படி? உங்க சித்தப்பன் கை நனைச்சுட்டானே! கை நனைச்சா சம்மதம்னுதான அர்த்தம்? இத்தன பேரு சாட்சி இருக்குது. இனி மாத்திப் பேசுனா எங்க பையன் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவான்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பெரிய குரலில் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பெரிய குரலைக் கேட்டால் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அது என் குணம். வித்யா அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், நல்ல பெயர் இல்லை.

"கை நனைச்சா சம்மதம்னு அர்த்தமுங்களா?"

"ஆமா! நம்ம முறை தெரியாதா உனக்கு?"

"தெரியுமுங்க. இல்லைன்னு சொல்ல வந்தவங்க தண்ணிகூட வாங்கக்கூடாது, அதும் முறைதானுங்க?"

"ஆமா!"

"செரிங்க. எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க வித்யாவ இந்த ஊட்டுக்குக் குடுக்கறதா இல்லை. எங்க அப்பா சார்பா நான் சொல்றேன். முடிஞ்சுதுங்களா?" செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டேன். நஞ்சம்மாளைப் பார்த்துத் திரும்பினேன். "இப்ப எனக்குப் பசிக்குது. சோறு இருந்தாப் போடுங்க."

செல்லமுத்து தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த மலையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"இல்லைன்னு சொல்லிட்டு எப்படிச் சாப்புடுவ?" என்று கடைசியில் கேட்டார்.

"வாயாலதானுங்க. நான் சாப்புட்டா அது சம்மதம் ஆயிருமா? நீங்களே சொல்லுங்க. ஆகாதுன்னா, நேத்து எங்க சித்தப்பா சாப்புட்டதும் வெறும் சோறுதான். யாரு மூஞ்சியும் எங்கயும் போயி வைக்க வேண்டியதில்ல."

மிளகு பறிக்கிறவர்களில் ஒருவர், "அதும் செரிதானுங்களே" என்றார். செல்லமுத்து அவரை முறைத்தார். ஆனால் பதில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார், யோசிக்க ஆரம்பித்தால் அவர் கத்துவதில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நஞ்சம்மாள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். சுவரில் அவர் வீட்டுக்காரர் படம், மாலை புதிதாக இருந்தது. கீழே பாய் விரித்தார். தட்டில் சாமைச் சோறு வைத்து மொச்சைக் குழம்பை ஊற்றினார். பிறகு எதிரில் நின்று என் முகத்தையே பார்த்தார். சித்தப்பா சொன்ன முகம் இதுதான். நேரில் பார்த்தபோது, சித்தப்பாவை மனசுக்குள் அத்தனை திட்டியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பு. கை நிறைய அள்ளிப் போட்ட உப்பு. நாக்கு சுருண்டுவிட்டது. முதல் நாள் சித்தப்பா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததன் காரணம் இப்போது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்திருந்தோம்.

"எப்படி இருக்குது கண்ணு?"

வாசல் வரைக்கும் செல்லமுத்துவும் ஆட்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லாருக்குங்க என்று சொல்ல வேண்டிய இடம் அது. உலகத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

"உப்புங்க அத்தை" என்றேன்.

அத்தை என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

நஞ்சம்மாள் குழம்புக் குண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா, உப்பு" என்றார். "அவரு போனதுலருந்து எனக்குக் கை அளவே பிடிபட மாட்டீங்குது. ரமேசு ஒரு நாளும் சொல்லல. குனிஞ்ச தல நிமிராம சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவான். உங்க சித்தப்பன் ரெண்டு தடவ வாங்குனாரு, அருமையா இருக்குதுங்கன்னு வேற சொன்னாரு."

"அவரு அப்படித்தானுங்க. ஊட்டுக்கு வந்து குடத்தையே காலி பண்ணிட்டாரு."

நஞ்சம்மாள் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "ரமேசு அப்பா இருந்திருந்தா தட்டத் தூக்கி வாசல்ல வீசியிருப்பாரு" என்றார். நான் எழுந்து ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாயும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "போதும் கண்ணு, வச்சுரு. ஒடம்புக்கு ஆகாது."

தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வையுங்க" என்றேன்.

பலா மரத்தடியில் செல்வம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் பின்னால் யாராவது துரத்துகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, என்னாச்சு? சண்டையா?"

வண்டியில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அது போதவில்லை.

"சாப்புட்டியா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"ரெண்டு தடவை."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ. அப்பக் கல்யாணமா?"

"இல்லீங்க, சாப்பாடுதான்" என்றேன். "வித்யாவுக்குப் போன் போட்டு, பைய மறுபடி பிரிச்சு வைக்காம இருக்கச் சொல்லுங்க. அப்படியே வழியில எங்கயாவது தண்ணி கெடச்சா நிறுத்துங்க."